வெள்ளத்தைத் தேடினால் வெள்ளிக்கிழமை வருகிறது: காலநிலைத் தொடர்பாடல் ஆய்வுக்கு வர விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

2018 டிசெம்பர் 21 இரவு. கிளிநொச்சி கண்டாவளைப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா கையில் ரோச் லைற், என் கையில் ஃபோன். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தாயிற்று என்று முகநூலில் ஒருவர். இன்னும் திறக்கவில்லை என்று வைபர் குழுவில் இன்னொருவர். எந்த வருடம் எடுத்ததென்றே தெரியாத ஒரு படம் ஐந்தாறு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கேட்டது ஒன்றைத்தான்: "பிள்ளை, குளம் இப்ப எத்தினை அடி எண்டு ஆராவது போட்டிருக்கினமே?"

எத்தனையோ பதிவுகளைத் தள்ளிப் பார்த்தேன். அடிக்கணக்கு ஒன்றிலும் இல்லை. நான் அப்போது ஊடகக் கற்கை மாணவி. பிறகு முதுமாணிக்கும் அதற்கு மேலும் என்னைக் கொண்டுபோனது அந்தக் கேள்விதான். உயர்தரம் முடித்த பிள்ளைகளும் இறுதி வருட மாணவர்களும் இந்தத் துறை பற்றி அடிக்கடி கேட்பதால், பட்டதை எழுதுகிறேன்.

காலநிலை மாற்றத் தொடர்பாடல் என்ற துறையில் முதலில் உங்கள் கையில் கிடைப்பவை அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள். 2004 இல் பொய்கொஃப் சகோதரர்கள், அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் 'இரு தரப்புக்கும் சம இடம்' என்ற வழக்கத்தாலேயே, பூமி சூடாவதற்கு மனிதரே காரணம் என்ற விஞ்ஞான முடிவைத் திரித்துக் காட்டின என்று நிறுவினார்கள். யேல் பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கும் குழு 2009 இல் அமெரிக்கர்களைப் பதற்றப்படுபவர் முதல் முற்றாக மறுப்பவர் வரை ஆறு வகையாகப் பிரித்தது. அதே ஆண்டு வந்த ஒனீல், நிக்கல்சன்-கோல் கட்டுரை, பயமுறுத்தும் படங்கள் கவனத்தை ஈர்த்தாலும் மனிதரைச் செயலில் இறக்குவதில்லை என்று காட்டியது. மூன்றையும் கட்டாயம் வாசியுங்கள். வாசித்துவிட்டு, அவை எந்த மண்ணின் கேள்விகள் என்று யோசியுங்கள்.

நான் யோசிக்கவில்லை. 'வடக்கு விவசாயிகள் காலநிலை மாற்றத்தை நம்புகிறார்களா' என்பதுதான் என் முதல் முன்மொழிவு. முன்மொழிவை மதிப்பிட்ட குழு அதைத் திருப்பி அனுப்பியது. அன்று அழுதேன். ஆனால் அவர்கள் செய்தது சரி. காலபோக மழை பிந்துவதையும், அறுவடைக்கு நிற்கும் நெல்லின் மேல் மழை கொட்டுவதையும் எங்கள் கமக்காரர் யாரும் மறுப்பதில்லை. நம்பிக்கை இங்கே சிக்கலே இல்லை. எச்சரிக்கை யாரிடமிருந்து வருகிறது, எந்தச் சொல்லில் வருகிறது, வந்தபிறகு யாரை நம்பி மாட்டை அவிழ்த்துவிடுவது என்பவைதான் சிக்கல். முரசுமோட்டையில் ஒரு ஐயா சொன்னார்: "மழை எண்டு எனக்கும் தெரியும் பிள்ளை. தண்ணி எத்தினை மணிக்கு என்ர வாசலுக்கு வரும் எண்டு சொல்லுங்கோ."

இரண்டாவது முன்மொழிவு அந்த வசனத்திலிருந்துதான் எழுந்தது. வெள்ள நாட்களில் வன்னி பற்றிய தமிழ்ப் பதிவுகளைச் சேர்த்து, அவை என்ன தகவல் சொல்கின்றன, எதைக் காரணமாகக் காட்டுகின்றன என்று பார்க்கும் வேலை. கேட்க இலகு. செய்யப் போனபோதுதான் தமிழே ஒரு ஆய்வுக்களம் என்று விளங்கியது.

முதலில் 'காலநிலை' என்று தேடினேன். 'சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை' என்ற செய்திகள் குவிந்தன. எங்கள் ஊடகங்கள் அன்றாட வானிலையையும் காலநிலை என்றே எழுதுகின்றன. பல ஆண்டு மாற்றத்துக்கும் நாளைய மழைக்கும் ஒரே சொல் என்றால், வாசகர் மனதில் இரண்டும் எப்படிப் பிரியும்? அதுவே தனி ஆய்வாகும், யாராவது எடுங்கள்.

அடுத்து 'வெள்ளம்'. அப்படியே தேடினால் வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளப்பெருக்கு எல்லாம் விடுபடும். சரி, 'வெள்ள' என்று வெட்டித் தேடினேன். யூனிகோடில் வெள்ளி, வெள்ளை, வெள்ளரி எல்லாமே அதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. வெள்ளிக்கிழமைக் கோயில் பூசைகள் வரிசையாக வந்தன. வெள்ளம், வெள்ளத்த, வெள்ளப், வெள்ளக் என்று வடிவங்களைத் தனித்தனியே பட்டியலிட்ட பிறகுதான் தேடல் ஒழுங்கானது. குளம் நிரம்பி வழிவதை எங்கள் சனம் வெள்ளம் என்று எழுதாமல் 'குளம் வான் பாயுது' என்று எழுதும். 'வான்' என்று தேடினால் வான் விற்பனை விளம்பரம் வரும்! ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்த்துத் தேடுபவருக்கு 'வான் பாய்தல்' கண்ணில் படவே படாது. குளக்கட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும். இந்தத் துறையில் உங்கள் பெரிய மூலதனம் அதுதான் என்று மனதாரச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு இடர்கள். பழைய அறிக்கைகள் பல யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், யூனிகோடுக்கு மாற்றியே வேலை தொடங்கவேண்டும். குளம் பற்றிய முக்கிய அறிவித்தல்களோ கடிதமாகத் தட்டச்சாகி, கையொப்பமும் முத்திரையும் விழுந்து, புகைப்படமாக வட்ஸ்அப்பில் சுற்றும். எழுத்துத் தேடலில் அவை சிக்கா. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் எழுதினேன். மாதக்கணக்கு போனது, ஆனால் ஆய்வின் உயிரான பகுதி அங்கேதான் கிடைத்தது.

பதிவுகளை வகைப்படுத்தும்போது தனியாக இருக்காதீர்கள். நானும் ஒரு நண்பியும் ஒரே பதிவுகளைத் தனித்தனியே குறித்து, இருவர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கிரிப்பெண்டோர்ஃபின் அல்ஃபா அளவில் பொருத்தம் பார்த்தோம். 0.800 க்கு மேல் வந்தால் நம்பலாம், 0.667 க்குக் கீழே வந்தால் முடிவு சொல்லக்கூடாது. எங்களுக்கு முதல் தடவை கீழேதான் வந்தது. 'இயற்கையின் கோரத்தாண்டவம்' என்ற சொற்றொடரை நான் 'இயற்கையைக் காரணம் சொல்கிறது' என்று குறித்தேன். அவள் 'அது வெறும் பத்திரிகை வழக்கு, காரணம் எதுவும் இல்லை' என்றாள். அவள் சொன்னதே சரி. எதனால் என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே காரணம் என்று விதியை மாற்றி எழுதி, முதலிலிருந்து தொடங்கினோம்.

இன்னொரு கவனம். 2018 மழையைக் காலநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று எழுதிவிடாதீர்கள். பூமி ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஒரே நாளில் கொட்டும் மிகக் கடும் மழை ஏறத்தாழ 7 சதவீதம் வலுக்கும் என்று ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. அது உலகளாவிய கணக்கு. ஒரு தனி மழையைப் பற்றிப் பேச அதற்கென்று தனி ஆய்வு வேண்டும். தொடர்பாடல் ஆய்வாளரே இதில் வழுக்கினால் மற்றவரைக் குறை சொல்ல வாய் இருக்காது.

அறநெறி அனுமதி வெறும் படிவம் இல்லை. 2009 க்குப் பிறகு வன்னிச் சனத்திடம் கேள்வித்தாளோடு வந்தவர்கள் ஏராளம். திரும்பி வந்து முடிவைச் சொன்னவர்கள் குறைவு. வட்ஸ்அப் குழு பொதுவெளி அல்ல, உள்ளே இருப்பவர்களின் சம்மதம் வேண்டும். முகநூல் பதிவை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடி ஆளைப் பிடித்துவிடலாம் என்பதால், நான் பொருளை மட்டும் என் சொற்களில் எழுதினேன். கிடைத்ததைக் கமக்காரர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். அன்று அவர்கள் திருத்திய இரண்டு இடங்கள் எந்த மதிப்பாய்வாளர் கண்ணிலும் பட்டிருக்காது.

தொழில் வழி பற்றிச் சுருக்கமாக. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக வர முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும், ஆகவே முதல் வருடப் புள்ளியையும் அலட்சியம் செய்யாதீர்கள். நிரந்தரமாவதற்குப் பட்டமேற்படிப்பு வேண்டும். வெளிநாட்டுக்குப் பொதுநலவாய, எரஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். ஊடகம் மட்டும் படித்தால் போதாது. கொஞ்சம் புள்ளிவிபரவியல், கொஞ்சம் பைதான் நிரலாக்கம், யாழ் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்தில் விவசாயமோ பொறியியலோ படிக்கும் ஒரு நட்பு, மூன்றும் வேண்டும்.

கடைசியாக, தரவு. ட்விட்டர் ஆய்வாளர்களுக்குக் கொடுத்த இலவச வழி 2023 இல் அடைபட்டது. முகநூல் பதிவுகளைத் திரட்ட உதவிய கிரவுட்டாங்கிளை மெட்டா 2024 ஓகஸ்டில் மூடியது. 2020 புரெவிப் புயல் நேரத்துப் பதிவுகள் பலவற்றை நான் பிறகு தேடியபோது பக்கங்களே இல்லை. எனவே ஐப்பசி பிறந்ததும் ஒரு கோப்புறை திறந்துவிடுங்கள். பொதுப் பக்கங்களில் வரும் ஒவ்வொரு குள அறிவித்தலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதிவிட்ட நேரம், நீங்கள் எடுத்த நேரம் இரண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். எத்தனை அடி என்று அதில் இருந்ததா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.