அவர் இல்லையென்றால் யார்?

அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் தொண்டராக வேலை செய்தேன் என்று சொன்னால், ஊரில் இருப்பவர்கள் மேடை, மாலை, ஒலிபெருக்கி என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். 2020 தேர்தலுக்காக அயோவா மாநிலத்தில் நான் செய்ததில் பெரும்பகுதி, வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டதுதான். "யாரை ஆதரிக்கிறீர்கள்?" என்பதை எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் காத்திருந்தது அதற்கு அடுத்த கேள்விக்கு: "அவர் இல்லையென்றால் யார்?"

அதன் அருமை புரிய அயோவாவின் முறை தெரிய வேண்டும். அங்கே ஜனநாயகக் கட்சி நடத்தியது வாக்குப்பெட்டித் தேர்தல் இல்லை, காகஸ். பிப்ரவரிக் குளிரில், இரவு 7 மணிக்கு, அந்தந்தப் பகுதிக்காரர்கள் ஒரு பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி, தங்கள் வேட்பாளருக்கு ஒதுக்கிய மூலையில் போய் நிற்பார்கள். தலை எண்ணப்படும். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது சேராத அணி அந்தச் சுற்றிலேயே தேறாது. 200 பேர் வந்தால் 30 பேர் வேண்டும். தேறாத அணியில் நின்றவர்கள் இன்னொரு அணிக்குப் போகலாம், அல்லது தங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை எட்டலாம். ரகசிய வாக்கே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் எந்த மூலையில் நிற்கிறார் என்று தெரு முழுக்கப் பார்க்கும்.

நான் முதலில் கமலா ஹாரிஸ் பக்கம் இருந்தேன். மாட்ரிட் என்ற சிற்றூரில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "நம்ம ஊர்ப் பொண்ணுங்கிறதாலதானே?" திரும்பிப் பார்க்க வைத்தது அதுதான் என்று சொன்னேன். சென்னையில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலனின் மகள் அதிபர் பதவிக்கு நிற்கிறார் என்றால் எந்தத் தமிழருக்குத்தான் மனம் துள்ளாது? ஆனால் கதவைத் தட்டும்போது அது உதவாது. அயோவாவின் ஓய்வுபெற்ற விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது? அங்கே நான் பேசியது, ஆசிரியர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 13,500 டாலர் சம்பள உயர்வு தரும் அவருடைய திட்டத்தைப் பற்றி. பள்ளி ஆசிரியர் இல்லாத குடும்பம் எங்கள் பகுதியில் குறைவு. பேச்சு அங்கே தொடங்கினால் தொடரும்.

கோயிலில் பார்க்கும் தமிழர்களில் பலருக்குக் குடியுரிமை இல்லை, அதனால் காகஸில் நிற்க முடியாது. கிரீன் கார்டு இல்லாதவர்கள் நன்கொடையும் தரக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைக்கச் சட்டத்தில் தடை இல்லை. இது பலருக்குத் தெரியவில்லை. சொன்னதும் சிலர் மாலை நேரத்தில் தொலைபேசி அழைப்புகளுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டே இல்லாதவர்கள் இன்னொருவரிடம் "கண்டிப்பாக வந்துவிடுங்கள்" என்று கேட்டதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

வேலை இப்படி நடக்கும். கைப்பேசிச் செயலியில் வாக்காளர் பட்டியல் வரும். ஒவ்வொருவரையும் பேசிப் பார்த்து 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். 1 என்றால் உறுதியான ஆதரவாளர், 5 என்றால் வேறு ஒருவருக்கு உறுதியானவர். களப் பணியாளர்கள் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, வெளிமாநிலத்துப் பிள்ளைகள். உள்ளூர் ஆதரவாளர்களின் வீடுகளில் காலி அறையில் தங்கினார்கள். எங்கள் வீட்டில் தங்கிய பெண் இரவு பதினொன்றுக்கு வந்து, தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே மறுநாள் பட்டியலைப் பிரிப்பாள்.

2019 செப்டம்பரில் அயோவாவின் தலைநகரான டி மாயின் நகரத்துப் பூங்காவில் நடந்த ஸ்டேக் ஃப்ரை என்ற கட்சிக் கூட்டத்துக்கு ஹாரிஸ் மேளக் குழுவோடு ஆடிக்கொண்டே வந்தபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கை, நவம்பரில் வந்த கருத்துக்கணிப்பில் 3 சதவீதமாகச் சுருங்கியது. டிசம்பர் 3 அன்று, பணம் போதவில்லை என்று சொல்லி அவர் விலகினார். அந்தப் பெண் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளிலிருந்து எனக்கே அழைப்புகள் வந்தன. இத்தனை மாதம் நான் கேட்ட கேள்வியை மற்ற அணிகள் என்னிடம் கேட்டன. இன்னொரு வேட்பாளரான எலிசபெத் வாரனைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் குழந்தைப் பராமரிப்பு என்ற அவருடைய திட்டத்தை முழுவதும் படித்திருந்தேன், நம்பினேன். ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணை செனட்டில் தொடங்கியதும் செனட்டர்களாகவும் இருந்த வாரன், பெர்னி சாண்டர்ஸ், ஏமி குளோபுச்சர் என்ற மூன்று வேட்பாளர்களும் வாஷிங்டனில் உட்கார வேண்டியதாயிற்று. வேட்பாளர் இல்லாத ஊரில் பிரசாரத்தைச் சுமந்தது உள்ளூர்க்காரர்கள்தான்.

பிப்ரவரி 3 இரவு எங்கள் பகுதிக்கு ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். முதல் எண்ணிக்கையில் நாங்கள் தேறிவிட்டோம். ஜோ பைடன் அணி தேறவில்லை. அந்த மூலையில் நின்ற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் நின்று பேசியபோது, "ஜோதான். அவர் இல்லையென்றால் எலிசபெத்" என்று சொல்லியிருந்தார். என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவரிடம் போய், "சார், உங்கள் வராந்தாவில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். சிரித்தார். மனைவியைப் பார்த்தார். இருவரும் தங்கள் குளிர்கோட்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் மூலைக்கு வந்தார்கள். அவர்கள் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். கவுன்டி, அதாவது மாவட்ட அளவிலான கட்சி மாநாட்டுக்குப் போக எங்களுக்கு ஒரு பிரதிநிதி கூடுதலாகக் கிடைத்தார்.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். முடிவுகளை அனுப்பும் செயலி பழுதாகி, தொலைபேசி இணைப்புகள் நெரிந்து, மாநில முடிவு பல நாள் வெளிவரவில்லை. கடைசியில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிகளில் பீட் புட்டிஜெஜ் என்ற வேட்பாளருக்கு 14 பேர், சாண்டர்ஸுக்கு 12, வாரனுக்கு 8. மார்ச் 5 அன்று வாரனும் விலகினார். ஆகஸ்டில் பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராக ஹாரிஸை அறிவித்த அன்று, எங்கள் வீட்டில் தங்கிய பெண்தான் முதலில் அழைத்தாள்.

2024-இல், வேட்பாளர் தேர்வை எல்லா மாநிலங்களுக்கும் முன்பாக நடத்தும் இடத்தை ஜனநாயகக் கட்சி அயோவாவிடமிருந்து எடுத்துவிட்டது. அயோவாவில் வேட்பாளர் தேர்வு தபால் வழியாக நடந்தது. இரவு வேலைக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழைய முறையில் வெளியே நின்றார்கள். அந்த வகையில் மாற்றம் நியாயமானது, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் தபால் சீட்டில் ஒரே ஒரு பெயரைத்தான் குறிக்க முடிந்தது. இரண்டாவது விருப்பத்துக்கும் அதில் ஒரு கட்டம் வேண்டும் என்று எங்கள் கவுன்டிக் கட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.