செப்டம்பர் ஆட்டமா இருந்தா?

கோச் கேட்டது அவ்வளவுதான். "இது செப்டம்பர் ஆட்டமா இருந்தா என்ன சொல்லுவ?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "செப்டம்பர்னா ஆடலாம்." ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்கள் செப்டம்பரில்தான். யார் உடம்பு ஆடத் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலை. சிகிச்சை மேசையில் எங்கள் ப்ராப் (முன்வரிசையில் முட்டி மோதும் ஆட்டக்காரர்) மல்லாந்து படுத்து, தொடை இடுக்குத் தசையின் வலுவைக் காட்டும் அழுத்தமானியை முழங்கால்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டிருந்தார். புதன் இரவு ஆரிஜின், அதாவது குயின்ஸ்லாந்து–நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆட்டம், ஆடிவிட்டு வந்தவர். விரல் முட்டிகளில் பிளாஸ்திரி ஒட்டிய பிசின்கூட இன்னும் போகவில்லை. ஞாயிறு 4.05க்கு எங்கள் ஆட்டம். அழுத்தமானி வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது. காலையில் போனில் அவர் பதிந்த மதிப்பெண்ணில் தூக்கம் 10க்கு 4. எழுதியிருந்த பரிந்துரை என்னுடையது: ஓய்வு.

என் பதிலைக் கேட்டு அவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ என் உடம்புல ஒண்ணும் இல்ல, ஆட்டம்தான் சின்ன ஆட்டம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "தூக்கம் 4 போட்டது குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல்னு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் மட்டும் பரிந்துரையை மாற்றியிருப்பேனா? காரணம் குழந்தையோ ஆரிஜினோ, தூங்காத உடம்பு தூங்காத உடம்புதானே. இப்படித்தான் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். செப்டம்பரிலும் காயமாகும் வாய்ப்பு அதேதான், அப்போது அதைத் துணிந்து ஏற்போம் என்று அன்றைக்கே விளக்கியிருக்க வேண்டும். காரில் போகும்போது அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக வருகிறது!

ஞாயிறு அவர் இல்லாமல் ஆடி, இரண்டு புள்ளியில் தோற்றோம். அவருக்குப் பதில் இறங்கிய இருபது வயதுப் பையனுக்கு அது முதல் ஆட்டம். பெஞ்சிலிருந்து வந்து இருபத்தைந்து நிமிடம் முட்டி மோதினான். அவனைக் கேட்டால் என் முடிவு நூற்றுக்கு நூறு சரி என்பான். அடுத்த வாரம் ப்ராப் திரும்பினார், ஒரு கீறலும் இல்லை. ஓய்வு காப்பாற்றியதா, முன்பே ஒன்றும் இல்லையா? நடக்காத காயத்தை எந்த ஸ்கேனில் பார்ப்பது?

மற்றவர்கள் கதையையும் புரட்டிப் பார்த்தேன். 2022இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் உறுதியானதும் பென்ரித் அணி, லீக்கின் கடைசிச் சுற்றில் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை உட்கார வைத்து, கௌபாய்ஸ் அணியிடம் 38-8 என்று அடி வாங்கியது. ஒரு மாதத்தில் கோப்பை அவர்கள் கையில். அவர்கள் கோச் ஐவன் கிளியரி தீர்க்கதரிசி ஆனார். 2023 கடைசிச் சுற்றில் பிரிஸ்பேன் அணியும் அதையே செய்து தோற்றது. பட்டியலில் இரு அணிக்கும் புள்ளிகள் சமம், ஸ்கோர் வித்தியாசத்தில் முதலிடம் பென்ரித்துக்குப் போனது. இறுதி ஆட்டத்தில் அதே பென்ரித்திடம், 24-8 என்று முன்னிலையில் இருந்தும் 26-24இல் தோற்றார்கள். ஓய்வு கொடுத்ததற்கும் அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பென்ரித் ஜெயித்ததற்கு மட்டும் ஓய்வு காரணம் என்று நான் வாதாடும்போது, இதை எடுத்துப் பேசுவதில்லை.

அம்மாவுக்கு என் வேலையே வேடிக்கை. "விளையாட வந்தவனை விளையாடாதேன்னு சொல்றதுக்கு ஒரு சம்பளமாடா?" என்பார் போனில்.

ப்ராப் என்னோடு முகம் முறிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார், ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் பனியனைக் கழற்றியதும் மறக்காமல் கையில் தருவார். காலை மதிப்பெண்ணும் ஒழுங்காக வந்தது. முன்பெல்லாம் 5, 9, 6 என்று ஏறி இறங்கும். அந்த ஞாயிறுக்குப் பிறகு சீசன் முடியும்வரை தூக்கம் 8, வலி 8, மனநிலை 8. ஒருநாள் விடாமல்.