ஹீட்டர் வந்த நேரம்

ரெக்கார்டர் என்ற ஊதுகுழலை வாசிக்கும் குழுவில் சேர்ந்தால் முதல் பாடம் சுரம் இல்லை, குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது. குளிர்ந்த குழலுக்குள் சூடான மூச்சு போனால் காற்றுப் பாதையில் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் சத்தமே வராது. அதனால் மேடையேறுவதற்கு முன் ஐந்து பேரும் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கையை ஒட்டிக்கொண்டு நிற்போம்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், சர்ரே பக்கம். எங்கள் தலைவி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, பேஸ் என்ற பெரிய, தாழ்ந்த குரல் குழலை ஊதுகிறார். லண்டன் போனால் வாட்டர்லூ நிலையத்தில் பைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். 1919இல், பழங்கால இசைக்கருவிகளுக்கு உயிர்கொடுத்த அர்னால்ட் டால்மெட்ச்சின் பழைய ரெக்கார்டர் ஒன்று அதே நிலையத்தில்தான் தொலைந்தது. பையை விட்டுவிட்டு வந்தது அவருடைய சின்னப் பையன் கார்ல். அப்பா உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தார். "அது தொலைந்ததால்தானே இந்தக் குழலுக்கே மறுவாழ்வு?" என்று கேட்டால், "அதற்கு என் பேஸும் தொலைய வேண்டுமா?" என்பார்.

போன டிசம்பரில் ஒரு பழைய கல் தேவாலயத்தில் கச்சேரி. ஞாயிறு வழிபாட்டுக்குத்தான் ஹீட்டர் போடுவார்களாம், எங்களுடையது சனிக்கிழமை. கெஞ்சியதில், "பார்க்கலாம்" என்றார்கள். சின்னக் குழல்கள் ஊத ஊதச் சூடாகிச் சுருதி ஏறின. பேஸ் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அது லேசில் சூடாகுமா? கீழேயே நின்றது. மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும் என்பதால் தலைவி எங்களைப் பார்த்துக் கண்ணாலேயே, "ஊதாதே" என்றார்.

கடைசியில் ஆண்டனி ஹோல்போர்ன் 1599இல் வெளியிட்ட நடன இசைகளில் ஒன்று, 'ஃபேரி ரவுண்ட்'. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில் இருப்பது. அதைப் பெருமையாக அறிவித்துவிட்டு ஆரம்பித்தோம். பாதியில் ஹீட்டர் இரைச்சலோடு உயிர்பெற்றது. அதே நேரம் உயர்ந்த குரல் தரும் சின்னக் குழலான டெஸ்கன்ட் நீர் கோத்து அடைத்துக்கொண்டது. மெட்டு முழுக்க அதில்தான்! பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைக் காற்றுப் பாதையில் விட்டு உலர்த்தினால் நீர் துளியாக நிற்காமல் வழிந்துவிடும். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் சோப்பா?" என்று டெஸ்கன்ட்காரர் மறுத்திருந்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இறந்தபின் 1547இல் எடுத்த அவருடைய உடைமைப் பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருந்தனவாம். ஒன்று அடைத்தால் அடுத்ததை எடுத்திருப்பார் போல.

நாங்கள் நால்வரும் மெட்டில்லாத பாட்டை ஊதிக்கொண்டிருந்தோம். டெஸ்கன்ட்காரர் ஊதுவாய்க்குக் கீழே சத்தம் பிறக்கும் துவாரத்தை விரலால் பொத்தி, நீர் போக வேகமாக ஊதினார். சரியாகப் பொத்தவில்லை. கூரை வரைக்கும் ஒரு கீச்சல். குழல் திறந்துகொண்டது, கடைசிச் சுரத்துக்கு வந்து சேர்ந்தார். பலத்த கைதட்டல்.

தேநீர் வேளையில் ஒரு பெரியவர் வந்து, "நடுவில் வந்ததே ஒரு கீச்சல், விண்வெளிக்குப் போனதிலும் அது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை, அவர்களுக்கு ஹீட்டரை முன்னாடியே போட்டிருப்பார்கள்" என்றார் தலைவி.