இரண்டு வாளியும் ஒரு டிரில்லும்: வீட்டு பீருக்கு மால்ட் அலசும் கருவி

அமெரிக்காவில் வீட்டு பீர் காய்ச்சுபவர்களின் வழக்கமான அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதற்கு 4.5 கிலோ மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியம், போதும். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் முடிந்ததும் மால்ட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெந்நீர் விட்டு அலசி இறக்குவதுதான் ஸ்பார்ஜ். கருவி செய்ய உட்காரும் எல்லோரும் மேலே சுழலும் தெளிப்பானில்தான் மெனக்கெடுகிறார்கள். அதற்கு ஓட்டை போட்ட அலுமினியத் தாள் ஒன்றை மால்ட் படுகைமேல் விரித்தாலே போதும். கவனம் வேண்டியது அடியில்.

உணவுத் தரத்தில் 19 லிட்டர் வாளி இரண்டு எடுங்கள். ஒன்றின் அடியில் 3 மி.மீ. டிரில் பிட்டால், 1 செ.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 500 துளைகள். பிசிறுகளைக் கத்தியால் வழித்துவிடுங்கள். இதை இன்னொரு வாளிக்குள் இறக்கினால் இரண்டு அடிகளுக்கும் நடுவே சில செ.மீ. இடம் இருக்கும், வெளி வாளியில் அந்த இடத்துக்கு நேராகக் குழாய். இருபுறமும் ரப்பர் வாஷர் போட்டு, வெந்நீர் ஊற்றியே கசிவு பாருங்கள். பச்சைத் தண்ணீரில் கசியாத பொருத்து சூட்டில் பிளாஸ்டிக் விரிந்ததும் கசியும்.

மாஷ் முடிந்த மால்ட்டை உள்வாளியில் கொட்டுமுன் துளையிட்ட அடித்தட்டுக்குமேல் 3 செ.மீ. நிற்கும்படி வெந்நீர் ஊற்ற மறக்காதீர்கள். வெறும் தட்டில் கொட்டினால் மாவு நேராகத் துளைகளில் போய் அடைக்கும். கொட்டிய பின் 10 நிமிடம் படிய விடுங்கள். முதலில் வரும் கலங்கிய வொர்ட்டை (சர்க்கரை கரைந்த மால்ட் நீர்), நாலைந்து லிட்டர், மெதுவாக மேலேயே திருப்பி ஊற்றுங்கள். உமியே வடிகட்டி, அது படிந்தால்தான் தெளிவு வரும்.

பிறகு 75 டிகிரி வெந்நீர், சுமார் 16 லிட்டர். படுகைக்குமேல் எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும். வேகம் நிமிடத்துக்கு அரை லிட்டர். மாஷில் ஏற்கெனவே இருக்கும் வொர்ட்டும் சேர்ந்து வடிய முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். வாளிக்குக் கம்பளி சுற்றுங்கள், ஆறினால் வொர்ட் கெட்டியாகி ஓட்டம் குறையும்.

ஓட்டம் நின்றால் குழாயை இன்னும் திறக்கத்தான் கை போகும். திறந்தால் கீழே உறிஞ்சல் கூடிப் படுகை மேலும் இறுகும். மூடுங்கள். இரண்டு லிட்டர் வெந்நீர் ஊற்றி, படுகையை அடிவரை கிளறி, 10 நிமிடம் விட்டு, மறுபடி கலங்கலைத் திருப்பி ஊற்றித் தொடங்குங்கள். மால்ட்டை மாவாக அரைத்ததுதான் பெரும்பாலும் காரணம். உமி முழுசாக இருக்கவேண்டும். கோதுமை, ஓட்ஸ் பாதிக்குமேல் சேர்த்தால் உமி போதாது, இரண்டு கைப்பிடி நெல் உமியைக் கழுவிக் கலக்குங்கள்.

கடைசியில் வரும் வொர்ட்டை 20 டிகிரிக்கு ஆறவைத்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.010 வந்ததும் குழாயை மூடிவிடுங்கள். அதற்குமேல் அலசினால் பி.எச். ஏறி, உமியின் துவர்ப்பு இறங்கும். கொதிக்கும் பாத்திரத்தில் அளவு குறைந்தால் வெறும் தண்ணீரே சேர்க்கலாம்.