அதுல துணி இருக்கு தம்பி

“அதுல துணி இருக்கு தம்பி”ன்னார். “புதுசுக்கு துணியெல்லாம் வேணாம்ணே, எல்லாம் உள்ளயே இருக்கு”ன்னேன். “சரி சார்”னுட்டு போயிட்டார். இவ்வளவுதான் பேச்சு, பத்து செகண்டு இருந்திருக்குமா? எட்டு மாசம் ஆச்சு, சிங்கப்பூர் துவாஸ் லிங்க் ஸ்டேஷன்ல டிரெயினுக்கு நிக்கிறப்பல்லாம் இந்தப் பத்து செகண்டுதான் வந்து நிக்குது. தம்பின்னு ஆரம்பிச்சவர் சார்னு முடிச்சிருக்கார், அதுவே எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் உறைச்சுது.

சூப்பர்வைசரா நான் வெல்டிங் ஹெல்மெட்டை மாத்துனது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். வேலை அப்படி. ஹேண்ட்ரெயில் போஸ்ட்டை, அதான் கைப்பிடிக் கம்பியோட காலை, அடித்தகட்டுல நிறுத்தி நாலு டேக், அதாவது நகராம புடிச்சுக்கிற சின்ன வெல்டிங் பொட்டு, அடிச்சு அடுத்த ஆளுகிட்ட தள்ளணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 90 பீஸ், அப்ப 360 டேக். ஒவ்வொரு டேக்குக்கும் தலையை வெடுக்குன்னு ஆட்டி கறுப்புக் கண்ணாடியை இறக்கணும், அடிச்சதும் தூக்கணும். தலையை ஆட்டுறப்ப கை ஒரு நூல் நகந்துரும், இருட்டுல நகந்தது தெரியாது, டேக் வேற எடத்துல உக்காந்துரும், அப்புறம் அதை கிரைண்டர் போட்டு எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். சாயங்காலம் ஆனா பாதிப் பேரு கழுத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். நானே எட்டு வருசம் அந்த ஹெல்மெட்ல தலையாட்டுனவன்தான், எனக்குத் தெரியாதா.

அதனால வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானா இருட்டாகுற ஆட்டோ ஹெல்மெட் வாங்கலாம்னு பாஸ்கிட்ட சொன்னேன். கொட்டேஷன் மூணு வந்துச்சு. ஸ்பீட்கிளாஸ் மாதிரி பெரிய பிராண்டெல்லாம் ஒண்ணே பல நூறு வெள்ளி, பத்து பேருக்கு வாங்கணும்னா பாஸ் சிரிச்சுருவார். நடு விலையில ஒண்ணு புடிச்சேன், அதையும் சும்மா புடிக்கல. சென்சார் ரெண்டா நாலான்னு பாத்தேன், நாலு இருந்தாத்தான் ஒண்ணு ரெண்டை பைப்பு மறைச்சாலும் மிச்சது ஆர்க்கை, அதான் வெல்டிங் அடிக்கிறப்ப வர்ற வெளிச்சத்தை, பாக்கும். இருட்டாகுற வேகம் செகண்டுல 25,000ல ஒரு பங்கு. கண்ணாடி எவ்வளவு இருட்டுங்கிற அளவு ஷேடு, ஆர்க் இல்லாதப்ப அது 4, அடிக்கிறப்ப 9லேருந்து 13 வரைக்கும் வச்சுக்கலாம். கண்ணாடித் தரத்துக்கு ஈஎன் 379ங்கிற ஐரோப்பியத் தரத்துல நாலு நம்பர் போட்டிருந்தான், நாலும் ஒண்ணு ஒண்ணா இருந்தா அதுதான் உசத்தி, எங்களுக்குக் கிடைச்சது 1/1/1/2. கடைசி நம்பர் சாய்வாப் பாத்தா எப்படித் தெரியும்ங்கிறது, நேரா குனிஞ்சு டேக் அடிக்கிறவனுக்கு அது போதும்னு நெனச்சேன், இப்பவும் போதும்னுதான் நெனக்கிறேன்.

நான் ரொம்ப நேரம் மண்டையைக் குழப்பிக்கிட்டது டிலே குமிழ்லதான். ஆர்க் நின்னப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு கண்ணாடி வெளுக்கணும்ங்கிறது அது. கூட்டி வச்சா அடுத்த டேக் எங்கன்னு தெரியாம இருட்டுல காத்துக்கிட்டு நிக்கணும். குறைச்சு வச்சா செவசெவன்னு கொதிச்சுக்கிட்டு இருக்குற டேக்கு நேரா கண்ணுல வந்து அறையும், ஒண்ணு ரெண்டு தடவைன்னா பரவால்ல, 360 தடவைன்னா சாயங்காலம் தலை வெடிக்கும். பத்து பேரையும் வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தருக்கும் நானே திருகி செட் பண்ணிக் குடுத்தேன். இதை ஏன் சொல்றேன்னா, ஏனோதானோன்னு செய்யலங்கிறதுக்காக. யாரும் கேக்கல, நானாத்தான் சொல்லிக்கிறேன்.

அந்தக் குமிழ் வைக்கிற அன்னிக்குத்தான் பழசையெல்லாம் ஸ்கிராப் தொட்டியில போடச் சொன்னேன். அதுக்கும் காரணம் உண்டு. பழசு கையில இருந்தா பாதிப் பேரு ரெண்டு நாள்ல அதுக்கே போயிருவான், புதுசு பழகவே பழகாது. எல்லாரும் போட்டுட்டாங்க. அண்ணன் மட்டும் கையில வச்சுக்கிட்டே நின்னார்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர். 1999ல சிங்கப்பூர் வந்தவர், அப்ப நான் ஊர்ல ஏழாப்பு படிச்சுக்கிட்டு இருந்தேன். அவரோட பழைய ஹெல்மெட்டை எல்லாருக்கும் தெரியும், ஏன்னா அது பாக்கவே கோமாளித்தனமா இருக்கும். பழைய ஜீன்ஸ் பேண்ட்டை வெட்டி, ஹெல்மெட்டுக்கு ரெண்டு பக்கமும் பின்னாடியும் தொங்குற மாதிரி தைச்சிருந்தார். ஜீன்ஸ் பாக்கெட்டு ஒண்ணு அப்படியே இடது காதுக்கிட்ட நிக்கும், அதுல சில நேரம் சாக்பீஸ் வச்சிருப்பார். நூலு கறுத்து, துணியில சின்னச் சின்னதா பொரி பட்ட ஓட்டை. பசங்க “அண்ணன் முக்காடு போட்டுட்டாரு”ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. நானும் சிரிச்சிருக்கேன். வேர்வைக்குன்னு நெனச்சேன். கேட்டிருக்கலாம், கேக்கல.

“நான் இதையே போட்டுக்கிறேனே தம்பி”ன்னார். “உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே, பீஸ் எண்ணிக்கை வராது”ன்னேன். அதுக்குத்தான் அவர் துணியைக் காட்டுனது. அப்புறம் நடந்ததைத்தான் மொதல்லயே சொல்லிட்டேன். தொட்டியில அவர் போடல, தொட்டிக்குப் பக்கத்துல தரையில வச்சுட்டுப் போனார். எடுத்துப் போட்டது நான்.

மூணாவது வாரம், ராத்திரி ஒண்ணே முக்கால் இருக்கும், அவரு ரூம்ல இருக்குற பையன் போன் பண்றான். “அண்ணனுக்கு ஆர்க் அடிச்சிருச்சு, கண்ணைத் தொறக்க முடியல, மண்ணை அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குங்குறாரு.” உருளைக்கிழங்கை வட்டமா வெட்டி ரெண்டு கண்ணுலயும் வச்சு கட்டிவிட்டிருக்கானுங்க. வெல்டிங் வேலை பாக்குற எவனுக்கும் இது புதுசில்ல, அடிக்கிறப்ப ஒண்ணுமே தெரியாது, ஆறு மணி எட்டு மணி நேரம் கழிச்சு, நல்லாத் தூங்குற நேரத்துலதான் எழுப்பும். எனக்கு மூணு தடவை வந்திருக்கு. ஆனா புது ஹெல்மெட் போட்டவருக்கு எப்படி?

காலையில கம்பெனி வேன்ல கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கண்ணுல மஞ்ச மருந்தை விட்டு நீல லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, கருவிழி மேல புள்ளிப் புள்ளியா பச்சையா மின்னுது. என்னையும் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். “ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?”ன்னு கேட்டாங்க. அண்ணன் கண்ணை மூடிக்கிட்டே என் பக்கமாத் தலையைத் திருப்பினார், கொஞ்சம் நேரம் சும்மா இருந்தார், அப்புறம் “போட்டிருந்தேன்”னார். ரெண்டு நாள் எம்சி, அதான் மெடிக்கல் லீவு, கூட சொட்டு மருந்து.

எம்சி வந்தா ரிப்போர்ட் எழுதணும். 2020 செப்டம்பர்லேருந்து ஒரு நாள் எம்சியா இருந்தாலும் வேலையில பட்ட காயம்னா எம்ஓஎம்முக்கு, அதான் மனிதவள அமைச்சுக்கு, சொல்லியாகணும். பாஸுக்கு மூஞ்சி சரியில்ல. நான் போயி அவர் ஹெல்மெட்டை எடுத்துப் பாத்தேன். வெளிப்பக்கம் இருக்குற குமிழ் கிரைண்ட் மோடுல நிக்குது. கிரைண்ட்ல வச்சா என்ன ஆர்க் அடிச்சாலும் கண்ணாடி இருட்டாகாது, ஷேடு 4லயே நிக்கும். அப்பாடான்னு இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன், மனசு லேசாச்சு. காரணம் கிடைச்சிருச்சு. “கிரைண்டிங் முடித்த பிறகு தொழிலாளி வெல்டிங் மோடுக்கு மாற்றவில்லை”ன்னு எழுதினேன். சேஃப்டி கோ-ஆர்டினேட்டர் படிச்சுப் பாத்துட்டு தலையாட்டினார். கையெழுத்தும் போட்டாச்சு.

எழுதுறப்பவே எனக்கு ஒரு விஷயம் தெரியும். தெரியும்னு சொல்லலாமா, இல்ல தெரிஞ்சும் அந்தப் பக்கம் நான் பாக்கலன்னு சொல்லலாமா. ஆட்டோ கண்ணாடி இருட்டா இருந்தாலும் வெளிச்சமா இருந்தாலும், பேட்டரியே செத்துப் போனாலும், புற ஊதாக் கதிரை எந்நேரமும் தடுக்கும். இருட்டாகுறது கண்ணு கூசாம இருக்கத்தான். கருவிழியைச் சுடுறது அந்த ஊதாக் கதிர்தான். அப்ப கிரைண்ட் மோடுல அடிச்சிருந்தா அவருக்கு கண்ணு கூசியிருக்கும், பொட்டுன்னு வெள்ளையடிச்சிருக்கும், மொத டேக்லயே நிறுத்தி குமிழைத் திருப்பியிருப்பார். ராத்திரி மண்ணு கொட்டாது. குமிழ் எப்ப திரும்புச்சுன்னே தெரியாது, ஸ்டோர்ல தூக்கிப் போட்டப்பகூட எங்கயாவது தட்டியிருக்கலாம்.

அப்ப வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு? பின்னாடியிருந்து. அவருக்கு முதுகு காட்டி இன்னொருத்தன் டேக் அடிச்சுக்கிட்டு இருந்தான், நடுவுல ஸ்கிரீன் இல்ல. பின்னாடி அடிக்கிற ஆர்க் ஹெல்மெட்டோட பக்கவாட்டுல பூந்து, கண்ணாடியோட உள்பக்கம் பட்டு, திரும்பி கண்ணுல விழும். நாள் பூரா விழுந்துக்கிட்டே இருக்கும், ஒரு சொட்டு ஒரு சொட்டா. இதுக்குத்தான் அந்த ஜீன்ஸ் துணி. இருபது வருசத்துக்கு மேல கப்பல் உள்ளயும் டேங்க் உள்ளயும் பக்கத்துப் பக்கத்துல நின்னு அடிச்ச மனுசன், அவருக்கு யாரும் கேட்டலாக் காட்டல, பேண்ட்டை வெட்டித் தைச்சுக்கிட்டார்.

ஸ்கிரீன் ஏன் இல்லன்னா, நான் எடுக்கச் சொன்னேன். டிராலி திரும்ப எடம் பத்தல. தற்காலிகமாத்தான். ஒரு ஆர்டருக்கு மட்டும். கண்ணு அடிச்ச மறுநாளே திரும்ப வச்சுட்டேன், அதை யாரும் என்னைக் கேக்கல, ரிப்போர்ட்லயும் அது வரல.

சில நாள் எனக்குக் கோவமா வரும். “அதுல துணி இருக்கு”ன்னா என்ன அர்த்தம்? “பின்னாடி ஆர்க் அடிக்கும் தம்பி, ஸ்கிரீனை வேற எடுத்துட்ட, இந்தத் துணிதான் காப்பாத்துது”ன்னு சொல்ல வாய் இல்லையா? வயசுல மூத்தவர், எனக்குக் கேஸ் கட்டிங் புடிக்கச் சொல்லிக் குடுத்தவர், என்னை அதட்டியே சொல்லியிருக்கலாம். இப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்து பேரு வரிசையில நிக்கிறப்ப, சூப்பர்வைசர் கையில லிஸ்ட்டை வச்சுக்கிட்டு எண்ணிக்கை எண்ணிக்கைன்னு கத்திக்கிட்டு இருக்கிறப்ப, ஒரு மனுசன் அதுக்கு மேல எத்தனை வார்த்தை பேசுவார்? அவர் ஒரு வரி பேசினதே பெரிசு.

எண்ணிக்கைன்னதும் ஞாபகம் வருது. ஒரு நாள் டிரெயின்ல உக்காந்து கணக்குப் போட்டேன். தலையாட்டுறது ஒரு டேக்குக்கு ரெண்டு செகண்டு மிச்சம்னு வச்சா, 360 டேக்குக்கு 720 செகண்டு, ஒரு ஆளுக்கு 12 நிமிசம். பத்து பேருக்கு ரெண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரம்னு பாஸ்கிட்ட சொன்னா நல்லாத்தான் இருக்கு. அண்ணன் ஒருத்தரை மட்டும் பழைய ஹெல்மெட்ல விட்டிருந்தா போயிருக்கிறது 12 நிமிசம். ரெண்டு டீ குடிக்கிற நேரம். எம்சியில போனது ரெண்டு நாள், அதைக் கணக்குல சேக்கவே இல்ல. ஆனா மத்த ஒன்பது பேருக்கு கழுத்து வலி போயிருக்கு, ரெண்டு பேரு வந்து நல்லாருக்குண்ணேன்னு சொன்னானுங்க, அதையும் சேக்கணுமில்ல.

அப்புறமா அதே கேட்டலாக்ல பாத்தேன், கடைசிப் பக்கத்துல, காதையும் கழுத்தையும் மூடுற லெதர் துணி தனியா விக்கிறான். ஹெல்மெட் விலையில கால்வாசிகூட இல்ல. அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்ல.

அண்ணன் எம்சி முடிஞ்சு வந்தார். காலையில டூல்பாக்ஸ் மீட்டிங், வேலைக்கு முன்னாடி பாதுகாப்பு பத்திப் பேசுறது. எல்லாரும் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறானுங்க, அவர் ஹெல்மெட்ல புதுசா கறுப்பு ஜீன்ஸ் தொங்குது, ஓட்டை கீட்டை போடல, கேபிள் டையும் பசையும் வச்சே ஒட்டியிருக்கார், ரெண்டு நாளும் தங்குற டார்ம்ல உக்காந்து அதைத்தான் செஞ்சிருக்கார் போல, அரைக்கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு. கோ-ஆர்டினேட்டர் பாத்துட்டார். சர்டிபிகேட் வாங்குன பொருள்ல கை வைக்கக்கூடாது, இதை யாரு செஞ்சதுன்னு இங்கிலீஷ்ல கேட்டார், யாரோ ஒருத்தன் தமிழ்ல சொன்னான்.

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டார், “சார்தான் செய்யச் சொன்னாரு.”

எல்லாரும் என்னைப் பாத்தானுங்க. அவர் பாக்கல. என்னை மாட்டிவிட்டாரா, காப்பாத்துனாரா, எனக்கு ஒரு வழி விட்டாரா, இப்ப வரைக்கும் புரியல. “ஆமா, நான்தான் சொன்னேன்”னேன். அப்ப மத்த ஒன்பது பேருக்கு எங்கன்னு கோ-ஆர்டினேட்டர் கேட்டார். ஆர்டர் போட்டிருக்கேன்னு சொன்னேன். போடல. மீட்டிங் முடிஞ்ச ஒடனே ஆபீஸுக்கு ஓடித்தான் போட்டேன்.