ஒத்தைப் பெயரோடு துபாய்க்குப் போக முடியாது

தங்கைக்குத் துபாயில் பிரசவம். ஜூன் நடுவில் என்று டாக்டர் தேதி குறித்ததுமே, அம்மா போயே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. தனியாக அனுப்ப முடியாது, முதல் விமானப் பயணம். கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பும் வேலை எனக்கு. 2024 ஜனவரியில் பேச்சைத் தொடங்கினோம். அஞ்சு மாசம் இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் முட்டுக்கட்டை அம்மாவின் பெயர். பாஸ்போர்ட்டில் அம்மாவுக்கு ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். நம் பக்கத்தில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட் அப்படித்தான், இனிஷியலைத் தவிர நமக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது. பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ வருபவர்களுக்கு அனுமதி கிடையாது என்று விமானக் கம்பெனிகள் சுற்றறிக்கை அனுப்பின. சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கமும் வந்தது. அம்மாவின் கடைசிப் பக்கத்தில் தாத்தா பெயர் இருக்கத்தான் செய்தது. ஆக, போகலாம். போகலாம்தானா?

நான் கேட்ட மூன்று டிராவல்ஸ்காரர்களும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர், ‘ஒண்ணும் ஆகாது சார், கடைசிப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணிக் கொடுங்க’ என்றார். இன்னொருவர், ‘வேண்டவே வேண்டாம், கவுண்ட்டர்லயே திருப்பி அனுப்பிடுவான்’ என்றார். மூன்றாமவர் சொன்ன யோசனைதான் அபாரம். ‘அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் அடிச்சு விட்ருவோம்.’ விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்று போய் நின்றால் பதில் சொல்லப்போவது அவர் இல்லை, என் அம்மா. எப்படியும் பாஸ்போர்ட் முடிய எட்டு மாதம்தான் பாக்கி. நுழையும் நாளில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பதால், பயணத் தேதிக்கு அது போதாது. சரி, புதுப்பிக்கும்போதே குடும்பப் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னதும் வந்த கேள்வி: “அறுபத்து ரெண்டு வருசமா ஒத்தப் பேரோட இருந்தாச்சு. இனிமே எதுக்குல ரெண்டாவது பேரு?”

அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பெயர்தான் சேரப்போகிறது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அம்மா யோசிக்கவே இல்லை. “எங்கப்பா பேரையே போடு. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல அவரு இனிஷியல்தானே இருக்கு.” அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆதாரிலும் பெயரை அதே மாதிரி மாற்றினோம். பிறகு பாஸ்போர்ட் சேவா மையத்தில் அப்பாயின்ட்மென்ட், 1,500 ரூபாய் கட்டணம், அசல் சான்றிதழ்கள், போலீஸ் விசாரணை என்று மார்ச் வரை இழுத்தது. நீங்களும் இதே நிலையில் இருந்தால் ஒன்று மட்டும் சொல்வேன்: எந்தப் பெயரைச் சேர்ப்பது என்பதைக் கவுண்ட்டரில் நின்று முடிவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் சான்றிதழ்களில் எந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதோ அதுதான் சிக்கல் இல்லாத பெயர்.

விசா அதற்குப் பிறகு சுலபமாகவே வந்தது. அம்மாவுக்கு 60 நாள், எனக்கு 30 நாள். தங்கை வீட்டில் தங்குவதால் எமிரேட்ஸ் ஐடி என்ற அவளுடைய அடையாள அட்டையின் நகல், எஜாரி என்று அங்கே சொல்லும் வாடகை ஒப்பந்தப் பதிவு, எங்கள் திரும்பும் டிக்கெட் எல்லாம் அனுப்பினோம். கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் என்பதால், அம்மாவின் திரும்பும் தேதியைத் தங்கை ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்தாள்.

அடுத்தது மருந்து. நான் கோட்டைவிடப் பார்த்த இடம் இதுதான். அம்மாவுக்குச் சர்க்கரை. பாதம் எரிகிறது என்று ராத்திரி ஒரு கேப்சூல் போடுவார். நம் ஊரில் நரம்புச் சத்து மாத்திரை என்று சாதாரணமாகக் கொடுப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினோடு பிரெகாபாலின் என்ற நரம்பு வலி மருந்தும் சேர்ந்திருந்தது. பிரெகாபாலின் அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. வலி மாத்திரையில் டிரமடால், இருமல் மருந்தில் கோடீன், இவையும் அதே வகைதான். வீட்டு மருந்து டப்பாவைக் கவிழ்த்துத் தேடினால் கோடீன் கலந்த பழைய இருமல் சிரப் ஒன்று கிடைத்தது. அதை அங்கேயே தூக்கிப் போட்டேன்.

மற்றதற்கு அப்போது அமீரகச் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பிக்க முடிந்தது, கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டும் டாக்டரின் கடிதமும் கேட்டார்கள். எங்கள் டாக்டர் வழக்கம்போல் கோழி கிளறிய எழுத்தில் கம்பெனிப் பெயரை எழுதித் தந்தார். நான் திரும்பப் போய், மருந்தின் பொதுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு என்று லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து வாங்கி வந்தேன். “துபாய்க்காரன் என் எழுத்தப் படிக்க மாட்டானாமா?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அனுமதி மின்னஞ்சலில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், கைப்பையில் வைத்தோம்.

மூன்றாவது போர்க்களம் சமையலறை. பேறுகாலத்துக்குப் போகும் அம்மா வெறும் கையோடு போவாரா? கறி மசாலா, லேகியம், சுக்கு, திப்பிலி, ஓமம் என்று நாட்டு மருந்துக் கடையே மேசையில் இருந்தது. கறி மசாலாவில் கசகசா வறுத்து அரைத்திருந்தார். கசகசா அபினிச் செடியின் விதை, அங்கே தடை செய்யப்பட்ட பொருள். ‘பொடியில கொஞ்சம்தானே, யாரு கண்டுபிடிக்கப் போறா’ என்ற பேச்சே கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டில் சமாதானம் சொல்லித் தப்பிக்க வழி கிடையாது. அம்மா முறைத்துக்கொண்டே இரண்டு கிலோ மசாலாவையும் சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கசகசா இல்லாமல் புதிதாக அரைத்தார். குருமாவுக்கு முந்திரி போதும் என்று அவரே சமாதானம் ஆனார். லேகியத்திலும் கசகசா சேர்ந்திருந்ததால் அது போகவில்லை.

அத்தோடு முடியவில்லை. தொட்டில் போடும் அன்றைக்கு வேண்டும் என்று ஈரத்துணியில் சுற்றி வெற்றிலை வைத்திருந்தார். துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் இருக்கிறது. “வெத்தலைக்குமா?” என்றார். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தொட்டிலுக்குக் கடைசியில் மஞ்சளும் வாழைப்பழமும் தேங்காயும் போதுமாக இருந்தன.

ஜூன் முதல் வாரம் போய் இறங்கினோம். குடிவரவில் வெள்ளைக் கந்தூரா அணிந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கேமராவைப் பார்க்கச் சொன்னார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அஞ்சு மாசம் நான் சேர்த்த ஃபைலை யாரும் தொடவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெயிலைப் பற்றி எங்களுக்கு யார் பாடம் எடுப்பது, நாங்கள் திருநெல்வேலி என்ற திமிர் விமான நிலையக் கதவு திறக்கும் வரைதான். எங்கள் ஊர் வெயில் சுடும். இது அவிக்கிறது. ஏசியிலிருந்து வெளியே வந்த நொடியில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. எங்களுக்கும் அதுவே கால அட்டவணை ஆனது: காலை எட்டுக்குள், இல்லாவிட்டால் ஆறு மணிக்கு மேல். அம்மா பருத்திச் சேலையும் முழங்கை வரை ரவிக்கையுமாகவே கடைகண்ணிக்குப் போய்வந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் தெரியும் டவுசரோடு மாலுக்குக் கிளம்பிய என்னைத்தான் தங்கை திருப்பி அனுப்பினாள்.

நான் செய்த தப்பு மெட்ரோவில். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டியில் ஏறிவிட்டேன். சுற்றி முழுக்கப் பெண்கள். பிலிப்பினோ அம்மா ஒருவர் சிரித்தபடி தரையில் இருந்த பிங்க் கோட்டைக் காட்டினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பகுதி, ஆண்கள் நின்றால் 100 திர்ஹம். நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன், அம்மா இந்தப் பக்கம் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார். வாயில் கிராம்பு போட்டு மெல்லும் பழக்கத்தை மட்டும் ரயிலுக்குள் விடச் சொன்னேன். அங்கே தின்பதற்கும் குடிப்பதற்கும் அபராதம் உண்டு.

ஊரில் அப்பா வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். அங்கே வாட்ஸாப் செய்தி போகும், கால் போகாது. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு அவர் போனில் போட்டிம் செயலியை ஏற்றிய பிறகுதான் நிம்மதி. இதைக் கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. எந்தக் குழந்தையைக் கண்டாலும் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிப்பார். போகும் முன்பே சொல்லியிருந்தேன், யாரையும், முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும், கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, தொடக் கூடாது என்று. போட்டோ எடுக்கவில்லை. ஆனால் கீழே பூங்காவில் ஒரு சுருட்டைமுடிக் குழந்தையைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. கறுப்பு அபாயா அணிந்த அதன் தாய் ஒரு கணம் திகைத்தார். தங்கை சட்டென்று “மாஷா அல்லாஹ்” என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. குழந்தையைப் புகழ்ந்தால் கண்ணேறு படாமல் இருக்க இந்தச் சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தங்கை விளக்கினாள். அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “நாம துப்பிச் சுத்திப் போடுத மாதிரி” என்றார். மறுநாளிலிருந்து லிஃப்ட்டில் பார்க்கும் குழந்தைக்கெல்லாம் மாஷா அல்லாஹ்தான்.

அபுதாபியில் ஷேக் சையத் பெரிய பள்ளிவாசலுக்கும் போனோம். இலவசம், ஆனால் ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்குத் தலை, கை, கால் மறைய வேண்டும், ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. சேலையில் இடுப்பு தெரியும் என்பதால் தங்கையின் அபாயாவை அம்மா மேலே மாட்டிக்கொண்டார். தலைத் துணி நழுவும்போதெல்லாம் முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டார். நான்தான், இந்த வெயிலில் எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்று புலம்பினேன்.

“திருச்செந்தூர்ல சட்டையக் கழட்டுன்னா கழட்டுத. இங்க போடுன்னா போட மாட்டியோ?”

வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் மூட்டு வலிக்கு அங்கே ஓடிய பேட்டரி வண்டி உதவியது. 82 குவிமாடங்களையும் விட அம்மாவைக் கவர்ந்தது உள்ளே இருந்த ஒரே கம்பளம்தான். ஈரான் நெசவுக்காரர்கள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது, 5,600 சதுர மீட்டருக்கு மேல். தனியாக விட்ட ஓரப் பாதையில் நின்றபடி, ‘இதை எப்படித் தூக்கி வெயில்ல போடுவாங்க’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பக்ரீத் முடிந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் பார்வையாளர் அட்டைக்காக அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கிய பெண், கொஞ்ச நேரம் கழித்துக் குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தார். தாத்தாவின் பெயர், உச்சரிப்பு மட்டும் என்னென்னவோ ஆகியிருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தாம்மா” என்றேன்.

“தெரியுதுல” என்றார், இன்னும் வாசலைப் பார்த்தபடியே.