பெருமை இருக்கட்டும், ஆணவம் வேணாம்

நான் முஸ்லிம் எண்டு சொல்லுறதுல எனக்கு எப்பவும் பெருமைதான், அல்ஹம்துலில்லாஹ். 1990 ஒக்டோபர்ல விடுதலைப் புலிகள் இலங்கையின்ட வடக்கு முஸ்லிம்கள வெளியேத்தினப்போ எங்கட முல்லைத்தீவு ஆக்கள் வீடு, வயல், பள்ளிவாசல் எல்லாத்தையும் விட்டுட்டு புத்தளத்துக்குப் போய் கிடுகுக் கொட்டிலுக்குள்ள இருந்தும் தொழுகைய விடேல்ல, அந்த ஈமான், அதாவது இறைநம்பிக்கை, அல்லாஹ் தந்தது, எங்கட கெட்டித்தனம் இல்ல.

இத மறந்தாத்தான் ஆணவம் வரும். உண்மைய மறுக்கிறதும் மனுசர கேவலமா பாக்கிறதும்தான் ஆணவம், அது அணுவளவு மனசுல இருந்தாலும் சொர்க்கம் இல்லயெண்டு நபி ரசூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க. தொழாத ஆளப் பாத்து முகம் சுழிக்கிறது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போற பக்கத்து வீட்டு அக்காவ இளக்காரமா பேசுறது, இதெல்லாம் மார்க்கப்பற்று இல்லவே இல்ல. பிள்ளைகளுக்கு ஓதக் குடுக்கேக்க, பூமியில பெருமையடிச்சு நடக்காத எண்டு குர்ஆன்ல வாற ஞானி லுக்மான் தன்ட மகனுக்குச் சொன்ன புத்திமதியயும் சேத்து சொல்லிக்குடுங்க.